ஸ்மாப்பி: ஸ்டார்டியூ வேலியில் மாட் பழுதானால் முதலில் பார்க்க வேண்டிய இடம்

மாட்கள் (விளையாட்டை மாற்றவும் விரிவாக்கவும் மற்றவர்கள் எழுதும் கூடுதல் தொகுப்புகள்) சேர்த்து விளையாடும் எந்தக் கணினி விளையாட்டும் என்றாவது ஒரு நாள் திறக்க மறுக்கும். நேற்று வரை நன்றாக ஓடியது இன்று முகப்புத் திரைக்கே வராமல் மூடிக்கொள்ளும். அல்லது திறந்த பிறகு, குறிப்பிட்ட ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் உறைந்து நின்றுவிடும். நூறு மாட்கள் இருக்கும் இடத்தில் எது காரணம் என்று தேடுவது எவ்வளவு சலிப்பான வேலை என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். ஆகவே மாட் கருவி ஒன்றை மதிப்பிடும்போது, அது எத்தனை மாட்களை ஏற்றுகிறது, பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, பழுது வந்த நாளில் அது நமக்கு என்ன சொல்கிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். அந்த வகையில் ஸ்டார்டியூ வேலிக்கான ஸ்மாப்பி, நான் பயன்படுத்திய கருவிகளிலேயே மிகச் சிறந்தது. அதன் குறைகளையும் சேர்த்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் ‘கன்சர்ன்ட் ஏப்’ என்ற பெயரில் உருவாக்கி, 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்ட விளையாட்டு ஸ்டார்டியூ வேலி. தாத்தா விட்டுச்சென்ற பண்ணையைத் திருத்தி, பயிர் வைத்து, மாடு கோழி வளர்த்து, ஊர்மக்களோடு பழகி வாழ்வதுதான் அதன் கதை. அந்த ஊருக்குப் புதிய மனிதர்கள், புதிய பயிர்கள், புதிய ஊர்கள் என்று பலரும் எழுதிச் சேர்த்திருக்கும் மாட்கள் ஏராளம். அவற்றை விளையாட்டுக்குள் ஏற்றும் இடைநிரல்தான் ஸ்மாப்பி. ‘ஸ்டார்டியூ மாடிங் ஏபிஐ’ என்பதன் சுருக்கம். பாத்தோஸ்சைல்ட் என்ற புனைபெயரில் அறியப்படும் நிரலாளர் இதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறார். விளையாட்டின் பிற்காலப் பதிப்புகளுக்கான நிரலிலும் அவர் பங்களித்திருக்கிறார். இது முழுக்க இலவசம், மூல நிரலும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியும் அதில் அடங்கும்.

ஸ்மாப்பியின் முதல் சிறப்பு, அது விளையாட்டின் படங்களையும் தரவுகளையும் வட்டில் மாற்றி எழுதுவதில்லை என்பதுதான். ஒரு மாட் ஒரு வரைபடத்தை மாற்ற விரும்பினால், விளையாட்டு அந்த வரைபடத்தைக் கேட்கும் நேரத்தில் ஸ்மாப்பி இடையில் நின்று, திருத்திய வடிவத்தை நினைவகத்தில் கொடுக்கிறது. மாட்டின் கோப்புறையை வெளியே எடுத்துவிட்டால் மூல வரைபடம் பழையபடி வந்துவிடும். இதற்கு மாறாக, ‘எக்ஸ்என்பி’ கோப்புகளை விளையாட்டின் ‘கன்டென்ட்’ கோப்புறையில் நேரடியாகப் போட்டு மூலக் கோப்புகளை மேலெழுதும் பழைய முறை ஒன்று இன்னும் அங்கங்கே புழக்கத்தில் இருக்கிறது. விளையாட்டு அடுத்த பதிப்புக்குப் போகும்போது காரணமே தெரியாமல் திரை கறுத்துப்போவதற்கும், ஊர் பாதி காணாமல் போவதற்கும் அந்த முறைதான் பெரும்பாலும் காரணம். அந்தக் கோப்புறையில் ஏதாவது மாற்றப்பட்டிருந்தால் ஸ்மாப்பியின் பிற்காலப் பதிப்புகள் தொடக்கத்திலேயே எச்சரித்து, மூல நிலைக்குத் திருப்புவது எப்படி என்ற வழிகாட்டியின் முகவரியையும் கொடுக்கின்றன. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கியவர்கள் விளையாட்டுக் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஒரு முறை ஓடவிட்டால் மூலக் கோப்புகள் திரும்பி வந்துவிடும்.

நிறுவுவது எளிது. பதிவிறக்கிய ஜிப்பை விளையாட்டுக் கோப்புறைக்குள் விரிக்காமல் வேறோர் இடத்தில் விரித்து, நிறுவியை இயக்கி, அது கேட்கும் சில கேள்விகளுக்கு எண்ணை அழுத்தினால் முடிந்தது. நீக்குவதற்கும் அதே நிறுவிதான். ஸ்டீம் வழியாக விளையாடுபவர்கள், விளையாடிய நேரமும் சாதனைகளும் கணக்கில் சேர வேண்டுமானால், துவக்க விருப்பத்தில் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். அந்த வரியையும் நிறுவியே காட்டிக் கொடுக்கிறது.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். விளையாட்டைத் திறந்ததும் பின்னால் ஒரு கன்சோல் சாளரம் திறந்து வரி வரியாக ஓடும். பலர் இதைக் கண்டு மிரண்டு மூடிவிடுகிறார்கள். ஆனால் ஸ்மாப்பியை மற்றக் கருவிகளிலிருந்து தனித்து நிறுத்துவது அந்தச் சாளரமே. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நேரம், செய்தியின் தரம், அதை எழுதிய மாட்டின் பெயர் ஆகிய மூன்றும் இருக்கும். சிவப்பு பிழை, மஞ்சள் எச்சரிக்கை. ஊதா கலந்த சிவப்பில் வருவது, எந்தெந்த மாட்களுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்ற அறிவிப்பு. அந்த அறிவிப்பில் பதிவிறக்கும் பக்கத்தின் முகவரியும் சேர்ந்தே இருக்கும். ஒரு மாட் ஏற்றப்படவில்லை என்றால், ‘தவிர்க்கப்பட்டவை’ என்ற தனித் தலைப்பின் கீழ் அதன் பெயரும், ‘ஏனெனில்’ என்று தொடங்கும் ஒரு காரணமும் இருக்கும். அந்தக் காரணம் கணினி நிபுணருக்காக எழுதப்பட்டதல்ல, விளையாடுபவருக்காக எழுதப்பட்டது. இதற்குத் தேவையான இன்ன மாட் உங்களிடம் இல்லை. இதன் இரண்டு பிரதிகள் இருக்கின்றன, இந்தக் கோப்புறைகளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். இது இப்போதைய பதிப்போடு ஒத்துப்போகாது, புதிய பதிப்பை இந்த முகவரியில் பாருங்கள். இப்படித்தான் அந்த வரிகள் பேசுகின்றன.

அண்மையில் என் அக்கா மகளின் கணினியில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். விளையாட்டு திறந்தது, ஆனால் அவள் சேர்த்திருந்த புதிய ஊர்மக்கள் யாரும் இல்லை, பண்ணை வரைபடம் பழைய நிலையில் இருந்தது. கன்சோலில் சிவப்பு வரிகள் திரை நிறைய ஓடின. எல்லாம் பாழாகிவிட்டது என்று அவள் பயந்துபோனாள். ஆனால் நிதானமாகப் படித்தபோது, அந்த வரிகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே ஒரே காரணத்தைத்தான் சொல்லின: தமக்குத் தேவையான இன்ன மாட் ஏற்றப்படவில்லை. வேறு காரணம் சொன்ன அந்த ஒரு வரி, அந்த அடிப்படை மாட்டுக்கு இரண்டு பிரதிகள் இருப்பதாகச் சொல்லி, இரண்டின் கோப்புறைப் பெயர்களையும் காட்டியது. புதிய பதிப்பைப் பதிவிறக்கி விரித்தபோது, பழையது வேறொரு பெயரில் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எந்தப் பிரதியை ஏற்றுவது என்று ஊகிக்காமல் ஸ்மாப்பி இரண்டையும் விட்டுவிட்டது. அதை நம்பியிருந்த மற்றவையும் வரிசையாக நின்றுபோயின. பழைய கோப்புறையை நீக்கியதும் அத்தனை சிவப்பும் ஒரே நேரத்தில் மறைந்தது. சிவப்பு வரிகள் எத்தனை என்று எண்ணாமல், மற்றவற்றிலிருந்து வேறுபட்ட காரணம் சொல்லும் வரி எது என்று தேட வேண்டும் என்பதைப் புதிதாக வரும் எவருக்கும் நான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன்.

விளையாடிக்கொண்டிருக்கும்போது வரும் பிழைகள் சற்றுக் கடினமானவை. அங்கேயும் பிழை எழுதிய மாட்டின் பெயர் வரியின் தொடக்கத்தில் இருக்கும், ஆனால் அதுவே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாட்கள் இரண்டு வகை. ஒன்று, வெறும் தரவும் படமும் கொண்ட உள்ளடக்கத் தொகுப்பு. ‘கன்டென்ட் பேட்சர்’ போன்ற ஓர் அடிப்படை மாட் அதைப் படித்து விளையாட்டில் சேர்க்கும். மற்றொன்று, நிரல் எழுதி உருவாக்கிய மாட். இந்த இரண்டாம் வகையில் சில, ‘ஹார்மனி’ என்ற நூலகத்தின் துணையோடு விளையாட்டின் சொந்த நிரலையே ஓட்டத்தின்போது மாற்றுகின்றன. அப்படி மாற்றப்பட்ட இடத்தில் கோளாறு வந்தால், பழி விளையாட்டின் மேலோ, அந்த நேரத்தில் அந்த இடத்தைத் தொட்ட வேறொரு மாட்டின் மேலோ விழக்கூடும். இதை உணர்ந்துதான் ஸ்மாப்பி, விளையாட்டின் நிரலை மாற்றும் மாட்களைத் தொடக்கத்திலேயே தனியாகப் பட்டியலிட்டு, கோளாறு வந்தால் இவற்றை முதலில் நீக்கிப் பாருங்கள், இல்லையென்றால் இந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்கிறது. எந்த இடத்தை எந்த மாட் மாற்றியிருக்கிறது என்று பார்க்க, கன்சோலில் தட்டக்கூடிய ஒரு கட்டளையும் உண்டு. சேவ் கோப்பு, அதாவது நம் பண்ணையின் நிலையைச் சேமித்து வைக்கும் கோப்பு, எழுதப்படும் முறையையே மாற்றும் மாட்களுக்குத் தனி எச்சரிக்கை வருகிறது. அவற்றைப் பின்னால் நீக்கினால் சேவ் கோப்பு திறக்காமல் போகலாம் என்பதை நிறுவிய அன்றே சொல்லிவிடுவது நேர்மையான செயல்.

நமக்கே விளங்காத பிழை வரும்போது துணைக்கு வருவது ஸ்மாப்பியின் இணையதளத்தில் உள்ள லாக் வாசிப்பான். கன்சோலில் ஓடும் வரிகள் பதிவாகும் கோப்புதான் லாக். நம் கணினி விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்று தேர்ந்தெடுத்தால் லாக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அது காட்டும். கோப்பை இழுத்துப் போட்டால் ஓர் இணைப்பு கிடைக்கும். அந்த இணைப்பைத் திறப்பவருக்கு விளையாட்டின் பதிப்பு, ஸ்மாப்பியின் பதிப்பு, இயங்குதளம், நிறுவியிருக்கும் மாட்கள் அனைத்தும், எந்தத் தொகுப்பு எந்த அடிப்படை மாட்டைச் சார்ந்தது, எதில் எத்தனை பிழை என்பவை அட்டவணையாகத் தெரியும். ஆயிரக்கணக்கான வரிகளில் வேண்டாதவற்றை ஒளித்து வைக்கலாம், ஒரு மாட்டின் வரிகளை மட்டும் பார்க்கலாம். காலாவதியான பதிப்புகள் இருந்தால் மேலேயே குறிப்பு வரும். உதவி கேட்பவர் தன் கணினியைப் பற்றிப் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதற்குப் பதிலாக இந்த ஓர் இணைப்பைக் கொடுத்தால் போதும். ஸ்டார்டியூ வேலியின் டிஸ்கார்ட் என்ற இணைய அரட்டைக் களத்தில் மாட் பழுதுக்கென்றே உள்ள பிரிவில் தன்னார்வலர்கள் முதலில் கேட்பதும் இந்த இணைப்பைத்தான். அவர்களில் பலர் ஊதியம் எதுவும் வாங்காமல், பொறுமையோடு, முன்பின் தெரியாதவரின் லாக்கைப் படித்து வழி சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த மரியாதை தோன்றுகிறது. ஆனால் அவர்களின் நேரம் வீணாகாமல் காப்பது இந்த வாசிப்பான் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விளையாட்டை அடுத்த முறை திறக்கும்போது புதிய லாக் பழையதை அழித்துக்கொண்டு எழுதப்படும். ஆகவே பிழை வந்தவுடன், மறுபடி திறந்து பார்ப்போமே என்ற ஆவலை அடக்கிக்கொண்டு, முதலில் லாக்கை ஏற்றிவிட வேண்டும். விளையாட்டே நொறுங்கி மூடியிருந்தால் மட்டும் அந்த ஓட்டத்தின் பதிவு ‘கிராஷ்’ என்ற பெயர் கொண்ட தனிக் கோப்பாகக் காப்பாற்றப்பட்டிருக்கும்.

ஸ்மாப்பியோடு கூடவே வரும் சிறு மாட்களில் ஒன்று, சேவ் கோப்புகளை ஜிப் செய்து விளையாட்டுக் கோப்புறையில் தனியாக வைக்கிறது. அண்மையவற்றில் 10 பிரதிகளை வைத்துக்கொண்டு பழையவற்றை நீக்குகிறது. இதை யாரும் கேட்டுப் பெற வேண்டியதில்லை, நிறுவிய நாளிலிருந்து தானாக நடக்கிறது. பல மாதங்கள் செலவழித்து வளர்த்த பண்ணையை இழந்து தவித்தவர்கள் கண்ணில் இந்த ஜிப் பட்டபோது அவர்கள் அடைந்த நிம்மதியை நான் நேரில் கண்டிருக்கிறேன். நீக்கிய மாட் ஒன்றின் இடமோ மனிதரோ சேவ் கோப்பில் எஞ்சியிருந்தால், பல சமயங்களில் ஸ்மாப்பி விளையாட்டை நொறுங்க விடாமல் அந்தப் பகுதியை மட்டும் விலக்கித் திறந்துவிடும். அப்படிச் செய்ததைத் திரையிலேயே அறிவிக்கவும் செய்யும். அந்த அறிவிப்பைப் பார்த்ததும் படுக்கையில் படுத்து நாளை முடித்துவிடாமல், சேமிக்காமலேயே வெளியேறி, காணாமல் போன மாட்டை மீண்டும் சேர்ப்பதுதான் பாதுகாப்பானது. ஏனென்றால் இந்த விளையாட்டில் நாள் முடியும்போதுதான் சேமிப்பு நடக்கும். அதுவரை எதுவும் இழக்கப்படவில்லை.

பெரிய பதிப்பு மாற்றங்களின்போதுதான் ஒரு மாட் கருவியின் தரம் உண்மையில் வெளிப்படும். 2021 நவம்பரில் வந்த 1.5.5, விளையாட்டைப் புதிய அடித்தளத்துக்கு நகர்த்தியது. 2024 மார்ச் 19 அன்று வந்த 1.6, அதைவிடப் பெரிய மாற்றம்: பொருட்களுக்கு வெறும் எண்ணாக இருந்த அடையாளம் சொற்களாலான அடையாளமாக மாறியது. முன்பெல்லாம் மாட்கள் சேர்க்கும் பொருட்களுக்கு ‘ஜேசன் அசெட்ஸ்’ என்ற அடிப்படை மாட் எண்களை ஒதுக்கும். அந்த ஒதுக்கீடு குழம்பினால் பெட்டியில் வைத்த பழம் வேறு பொருளாக மாறியிருக்கும். அந்தத் துயரம் 1.6 உடன் பெருமளவு ஒழிந்தது. அதே நாளில் ஸ்மாப்பி 4.0 வெளியானது. மாட்டின் நிரலை ஏற்றுவதற்கு முன் ஸ்மாப்பி அதை அலசி, விளையாட்டில் பெயர் மாறிய அல்லது இடம் மாறிய பகுதிகளைக் குறிக்கும் இடங்களில், தன்னால் முடிந்தவற்றைத் தானே திருத்திக்கொள்கிறது. திருத்த முடியாத அளவுக்கு உடைந்திருந்தால் அதை ஏற்றாமல் நிறுத்தி, காரணத்தைச் சொல்கிறது. பாதி உடைந்த மாட் ஓடி சேவ் கோப்பைக் கெடுப்பதைவிட, ஓடாமல் நிற்பதே நல்லது என்ற இந்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். எந்த மாட் ஒத்துப்போகிறது, எதற்கு மாற்று இருக்கிறது என்ற பெரிய பட்டியலும் அதே இணையதளத்தில் பராமரிக்கப்படுகிறது.

இனி குறைகள். முதலாவது, கன்சோல் செய்திகள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. எளிய ஆங்கிலம்தான் என்றாலும், பன்னிரண்டு வயதுப் பிள்ளை தமிழ்வழியில் படித்துவிட்டு இதைத் தனியாகப் படிக்க முடியாது; பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டாவது, சத்தமில்லாத மோதல்களை ஸ்மாப்பி கண்டுகொள்வதில்லை. ஒரே கோப்பை முழுமையாகத் தானே தர இரண்டு மாட்கள் முயன்றால் அது எச்சரிக்கும். ஆனால் ஒரே வரைபடத்தின் ஒரே மூலையை இரண்டு தொகுப்புகள் மாற்றினால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை மூடிவிடும், லாக்கில் எந்தச் சிவப்பும் இருக்காது. பாதை நடுவே மரம் நிற்பதும், கதவுக்கு முன்னால் வேலி வருவதும் இப்படித்தான். அப்போது கன்டென்ட் பேட்சரின் ‘பேட்ச் சம்மரி’ கட்டளையைக் கன்சோலில் தட்ட வேண்டும். எந்தத் தொகுப்பின் எந்த மாற்றம் நடைமுறையில் இருக்கிறது, எது எந்த நிபந்தனை நிறைவேறாததால் நின்றிருக்கிறது என்று அது விரிவாகக் காட்டும். அருமையான வசதி, ஆனால் அதைத் தட்ட வேண்டும் என்று ஸ்மாப்பி தானாகச் சொல்வதில்லை.

மூன்றாவது குறை, எனக்கு மிகவும் வருத்தம் தருவது: விளையாட்டு மெதுவாக ஓடுவதற்கான காரணத்தை இது சொல்லாது. நாள் தொடங்கும்போது நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தாலும், நடக்கும்போது தடுக்கித் தடுக்கிப் போனாலும், லாக் சுத்தமாகவே இருக்கும். அப்போது பாதி மாட்களை நிறுத்திப் பார்த்து, பழுது எந்தப் பாதியில் என்று கண்டுபிடித்து, அதையும் பாதியாக்கும் பழைய வழியைத்தான் பின்பற்ற வேண்டும். இதற்கு ஸ்மாப்பி ஓரளவு உதவுகிறது: கோப்புறையின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அந்த மாட் ஏற்றப்படாது, புள்ளியை எடுத்தால் திரும்ப வந்துவிடும். ஒரு கோப்புறைக்குள் பல மாட்களைத் தொகுத்து வைக்கவும் அனுமதி உண்டு என்பதால், தொகுப்புக் கோப்புறைக்கு ஒரு புள்ளி வைத்தே பாதியை நிறுத்திவிடலாம். ஆனால் தேவைப்படும் அடிப்படை மாட்களை எப்போதும் ஏற்றப்படும் பக்கத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் விடை தவறாக வரும். இந்தச் சோதனையை உண்மையான பண்ணையில் செய்யாமல், இதற்கென்றே தொடங்கிய புதுப் பண்ணையிலோ சேவ் கோப்பின் பிரதியிலோ செய்வது அவசியம்.

மாட்களைத் தானாகப் புதுப்பிக்கும் வசதியும் இதில் இல்லை. புதியது வந்திருக்கிறது என்று சொல்லி முகவரி கொடுப்பதோடு நின்றுவிடும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் கேட்காமல் மாறும் மாட்தான் நேற்று ஓடியதை இன்று நிறுத்துகிறது.

அதிகாரபூர்வ ஸ்மாப்பி கணினிக்கு மட்டுமே உரியது. பிளேஸ்டேஷன், நின்டெண்டோ போன்ற தனி விளையாட்டு இயந்திரங்களில் மாட்களுக்கு வழியே இல்லை. ஆண்ட்ராய்டுக்கென்று வேறு சிலர் உருவாக்கிய வடிவங்கள் இருக்கின்றன. அவற்றில் வரும் பிழைகளுக்கு அந்தந்த வடிவத்தை உருவாக்கியவர்களிடம்தான் உதவி கேட்க வேண்டும். கைபேசியில் மட்டும் விளையாடுபவர்கள், இங்கே நான் சொன்ன எதுவும் தங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணி மாட்களைப் பதிவிறக்கத் தொடங்க வேண்டாம்.